அண்ணனிடம் சொல்லாத எட்டு மாதம்

தென்னாப்பிரிக்காவின் கமீப் ஊரில் ஸால் குடும்பத்தாருக்கு "வயிற்றுக்காரர்கள்" என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. சாவு வீட்டில் காபி ஊற்றிக்கொண்டிருக்கும்போது காதோடு காதாகச் சொல்வார்கள். டோர்க்கஸின் அப்பா பெட்ரஸ் ஸால் தாமிரச் சுரங்கத்தில் இருந்தவர். நாற்பத்து மூன்று வயதில் குடலில் கட்டி வந்தது. பெல்ட்டில் புதிதாக ஐந்து ஓட்டை போட்டும் கால்சட்டை இடுப்பில் நிற்காமல், ஒரு ஜூன் மாதம் போய்ச் சேர்ந்தார். டோர்க்கஸுக்கு அப்போது பதினொரு வயது. பெட்ரஸின் அப்பாவும் அப்படித்தான் போனார். மூத்த அண்ணன் கிதியோன் முப்பத்தாறு வயதில் அதே படுக்கையில் படுத்தான்.

முப்பாட்டன் மிஷன் பாதிரியாரின் ஆட்டைத் திருடித் தின்றானாம்; அந்தப் பாவம்தான் வம்சத்தின் குடலைத் தின்கிறது என்று ஊரில் ஒரு பேச்சு. கிதியோன் சாகக் கிடக்கும்போதும் அதைச் சொல்லிச் சிரித்தான். "ஒத்த ஆட்டுக்கு இத்தன பேரா? அப்ப அது நல்லாக் கொழுத்த ஆடாத்தான் இருந்திருக்கும்."

அவன் செத்து இரண்டு வருடம் கழித்துத்தான் கேப் டவுனிலிருந்து டாக்டர்கள் வந்தார்கள். கூட ஒரு நர்ஸ், சிஸ்டர் ஃபெப்ரவாரி. "பேரு பிப்ரவரி, வர்றது ஆகஸ்ட்" என்று ஊரே அவரைக் கிண்டல் செய்யும். டோர்க்கஸின் சாப்பாட்டு மேஜை மேல் பெரிய தாளை விரித்து, ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம் என்று மூன்று தலைமுறையை வரைந்தார். கட்டி வந்து செத்தவர்களின் சதுரங்களையும் வட்டங்களையும் மையால் நிரப்பச் சொன்னபோது பேனாவை டோர்க்கஸ்தான் பிடித்திருந்தாள். பாதி தாள் கறுத்துவிட்டது. ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். சில மாதங்கள் கழித்து சிஸ்டர் முடிவோடு வந்து உட்கார்ந்தார்.

"உங்க உடம்புக்குள்ள ஓயாம ஒரு எழுத்து வேல நடந்துக்கிட்டே இருக்கும்மா. பழசப் பாத்துப் புதுசு எழுதுறது. அவசரத்துல தப்பு வரும். அதத் திருத்த ரெண்டு ஆளு உண்டு, அம்மா குடுத்த ஆளு ஒண்ணு, அப்பா குடுத்த ஆளு ஒண்ணு. உங்களுக்கு அப்பா குடுத்த ஆளு பொறக்கும்போதே படுத்துட்டான். இன்னொருத்தன் தனியாப் பாக்குறான். குடல்ல எங்கயாச்சும் ஒரு எடத்துல அவனும் படுத்துட்டான்னு வைங்க, தப்பு மேல தப்பு சேந்து அது கட்டியாயிரும்."

"அப்ப எங்க முப்பாட்டன் ஆட்டத் திருடலியா?"

"திருடினாரோ என்னமோ. அது வேற வழக்கு."

டோர்க்கஸ் சிரிக்கப் பார்த்தாள், வாய் கோணிக்கொண்டது. சிஸ்டர் மிச்சத்தையும் சொன்னார். இப்படிப் பிறந்த எல்லாருக்கும் நோய் வந்தே தீரும் என்றில்லை. ஆனால் சும்மா விட்டால் பத்தில் ஐந்து பேருக்கு மேல் வரும். வருடம் தவறாமல் குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்த்தால் கட்டியாவதற்கு முன்பே கிள்ளி எடுத்துவிடலாம். பெண்களுக்குக் கர்ப்பப்பையிலும் வரும். பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் அது இறங்குவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

அந்தக் கடைசி வாக்கியம்தான் டோர்க்கஸின் வாழ்க்கையை முடிவு செய்தது. அப்போது அவளுக்கு இருபத்தேழு வயது. யோனாஸைக் கட்டி ஒரு வருடம்கூட ஆகவில்லை. பிள்ளை வேண்டாம் என்றாள். யோனாஸ் கெட்டவன் இல்லை. இரண்டு வருடம் கெஞ்சினான். மூன்றாவது வருடம் கடற்கரைப் பக்கம் மீன் தொழிற்சாலை வேலைக்குப் போனவன் திரும்பவில்லை. அங்கே அவனுக்கு மூன்று பிள்ளைகள் என்று கேள்விப்பட்டாள். அவள் பள்ளி விடுதிச் சமையலறையில் சேர்ந்தாள். நூற்று நாற்பது பிள்ளைகளுக்கு ரொட்டி, சோளக் கஞ்சி, வெள்ளிக்கிழமை மீன். ஆகஸ்டில் தரிசெல்லாம் காட்டுப்பூ பூக்கும்; அதைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வண்டி வண்டியாக வந்து இறங்குவார்கள். டோர்க்கஸுக்கு ஆகஸ்ட் என்றால் குழாய் மாதம். முதல் நாள் பட்டினி கிடந்து, உப்பும் எலுமிச்சையும் கலந்த அந்தப் பாழாய்ப்போன தண்ணீரை நான்கு லிட்டர் குடித்து, கக்கூஸுக்கும் வீட்டுக்குமாக ஓட வேண்டும். மறுநாள் கேப் டவுன் குழு வந்து இறங்கும் பெரிய ஊர் ஆஸ்பத்திரியில் வரிசையில் உட்கார வேண்டும். "ஒண்ணுமில்ல, போங்க" என்று சொன்னால் பதினொரு மாதம் மூச்சு விடலாம். பன்னிரண்டாவது மாதம் மறுபடியும் நாள் எண்ண ஆரம்பிப்பாள்.

மிச்சமிருந்த ஒரே அண்ணன் அப்சலோம் ரத்தம் கொடுக்க மறுத்துவிட்டான். வைரச் சுரங்கத்தில் லாரி ஓட்டியவன். ஆட்குறைப்பில் வீட்டுக்கு அனுப்பப்பட்டு, ஊருக்கு வெளியே பட்டி போட்டு அறுபது வெள்ளாடு வளர்த்துக்கொண்டிருந்தான்.

"பொறி வச்சிருக்குன்னு தெரிஞ்சு, அதுக்குள்ள போயி உக்காந்து எத்தன கம்பின்னு எண்ணச் சொல்றியா? எனக்கு வேணாம்" என்றான். "இன்னொண்ணும் கேட்டுக்க. உனக்கு என்ன தெரிஞ்சாலும் எங்கிட்ட வந்து சொல்லாத. நான் செத்தாலும் சொல்லாத."

"செத்தப்புறம் சொல்லி என்னத்துக்கு?"

"அதான் சொல்றேன். வாய மூடு."

நாற்பத்து நான்கு முடிந்த அன்று ஒரு கிடாயை வெட்டித் தெருவுக்கே விருந்து வைத்தான். "எங்கப்பன் வயசத் தாண்டிட்டேன். அது என்னப் பிடிக்கல" என்று கையில் எலும்போடு எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

இதெல்லாம் பழைய கதை. டோர்க்கஸுக்கு முப்பத்தொன்பது நடந்த வருடம், ஜனவரியில், பள்ளி திறந்த வாரம், அப்சலோமின் ஒரே மகள் ஷார்னே விடுதிச் சமையலறையின் பின்வாசலில் வந்து நின்றாள். இருபத்திரண்டு வயது. பெரிய ஊரில் ஒரு கடையில் வேலை. டோர்க்கஸ் முழங்கை வரை மாவில் இருந்தாள்.

"அத்தே, கையக் கழுவிட்டு வாங்க. ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு. நான் கையாலயா கேக்குறேன்?"

"போன மாசம் ரத்தம் குடுத்தேன். எனக்கும் இருக்காம்."

டோர்க்கஸ் மாவைப் பிசைவதை நிறுத்தவில்லை. "யாருக்குத் தெரியும்?" என்றாள்.

"சிஸ்டருக்கு. இப்ப உங்களுக்கு. அப்பாவுக்கு மட்டும் தெரியவே கூடாது அத்தே. தான்தான் குடுத்தோம்னு நெனச்சே உருகிப் போயிருவாரு. அவரு எதுக்குப் பரிசோதன வேணாங்குறாருன்னு நெனைக்கிறீங்க? அவரு உசுருக்காகவா? எனக்குக் குடுத்துட்டோமான்னு தெரிஞ்சுரும்னுதான். சத்தியம் பண்ணுங்க, சொல்ல மாட்டேன்னு."

மாவுக் கையோடு அவள் கையைப் பிடித்து டோர்க்கஸ் சத்தியம் செய்தாள். ஒரு பெண் பிள்ளை அப்படிக் கெஞ்சிக்கொண்டு நிற்கும்போது வேறு என்ன செய்ய? ரொட்டி அடுப்புக்குள் போன பிறகுதான் தான் எதற்குச் சத்தியம் செய்தோம் என்பது அவளுக்கு விளங்கியது. இது ஷார்னேவுக்கு வானத்திலிருந்து விழவில்லை. அவள் அம்மா கேட்டி அப்பிங்டன் ஊர்க்காரி. கேட்டியின் ஆட்கள் எல்லாரும் தொண்ணூறு வயது வரை எலும்பு கடித்தவர்கள். அவர்கள் பக்கம் இந்த நோயே கிடையாது. அப்படியானால் பெண்ணுக்கு வந்தது அப்பனிடமிருந்துதான். அப்சலோமுக்கும் இருக்கிறது. நாற்பத்தேழு வயது, ஒரு முறைகூடக் குழாய் விட்டுப் பார்க்காத உடம்பு.

அன்று முதல் டோர்க்கஸுக்கு அண்ணன் முகத்தைப் பார்ப்பது தண்டனையாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து அவன் வீட்டில்தான் சாப்பாடு. அது பல வருட வழக்கம். அவள் ரொட்டியை வெட்டி அவன் தட்டில் வைப்பாள். சொல்ல வேண்டியது வாய் வரை வரும்; ஷார்னேவின் கை நினைவுக்கு வரும். அதைத் தாண்டினால் "நான் செத்தாலும் சொல்லாத" என்று அவனே போட்ட பூட்டு. சொன்னால் இரண்டு பேருக்குச் செய்யும் துரோகம். சொல்லாமல் இருந்தால் அது என்ன என்று நினைக்கவே அவளுக்குத் தைரியம் வரவில்லை. போகாமலே இருந்துவிடலாம் என்று இரண்டு ஞாயிறு வீட்டில் உட்கார்ந்தாள். மூன்றாவது ஞாயிறு அவனே வண்டியோடு வந்து ஹாரன் அடித்தான்.

"என்னடி, ராணியம்மாவுக்கு எங்க வீட்டுச் சோறு கசக்குதோ? ஏறு."

மே மாதம் அவன் இளைக்க ஆரம்பித்தான். ஆட்டுப் பட்டிக்குத் தண்ணீர் டிரம் உருட்டுகிறவன் பாதி வழியில் கல்லில் உட்கார்ந்தான். கண்ணின் கீழ் இமை வெளுத்திருந்தது. டோர்க்கஸுக்கு அந்த வெளுப்புப் பழக்கம். அப்பாவுக்கு வலி வருவதற்கு வெகு முன்பே அது வந்தது. அம்மா ஈரல் வறுத்து வறுத்துப் போட்டாள். இப்போது கேட்டியும் ஈரல் வறுத்துக்கொண்டிருந்தாள்.

டோர்க்கஸ் விடுதி அலுவலகத்திலிருந்து கேப் டவுனுக்குப் போன் போட்டாள்.

"சிஸ்டர், ஒருத்தருக்குத் தெரிய வேண்டிய விஷயம். அவரு வேணாங்குறாரு. இன்னொருத்தரு சொல்லாதங்குறாங்க. நான் நடுவுல நிக்கிறேன்."

சிஸ்டர் பெயர் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. "எனக்கும் வாயக் கட்டித்தான் இருக்கு டோர்க்கஸ். அந்தப் பொண்ணு சரின்னு சொல்லாம நான் மூச்சு விட முடியாது. ஆனா ஒரு மனுஷன் வெளுத்துப் போயிருக்கான்னு சொல்றதுக்கு யார் சம்மதமும் வேண்டியதில்ல. கிளினிக்குக் கூட்டிட்டுப் போ. வீட்டுல யாருக்கு என்ன இருந்துச்சுன்னு அங்க சொல்லச் சொல்லு."

கூட்டிக்கொண்டு போனாள். அப்சலோம் அவளை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு உள்ளே தனியாகப் போனான். குடும்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இரும்புச் சத்து மாத்திரையோடு வெளியே வந்தான். இரண்டு வாரத்தில் முகத்தில் கொஞ்சம் நிறம் வந்தது.

"பாத்தியா? ரத்தம் கொறவு, அவ்ளோதான். நீ பாத்த பார்வைக்கு எனக்குச் சவப்பெட்டி அளவெடுக்குறியோன்னு நெனச்சேன்."

ஜூலையில் அந்த நிறமும் போயிற்று. டோர்க்கஸ் ஷார்னேவைத் தேடிப் பெரிய ஊருக்கே போனாள். கடையின் பின்புறம், அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே நின்று, "என்னைய விட்டுரு தங்கம். சத்தியத்துலேருந்து விட்டுரு. உங்கப்பன் கண்ணு முன்னாடி போயிட்டிருக்கான்" என்றாள்.

ஷார்னே அழுதாள். "மருந்து சாப்டுறாருல்ல அத்தே? வயசும் தாண்டிருச்சே. ஆகஸ்ட் மட்டும் பொறுங்க. சிஸ்டர் வந்ததும் நானே அவங்களப் பக்கத்துல வச்சுக்கிட்டு அப்பாகிட்ட சொல்லிர்றேன். இன்னும் அஞ்சு வாரந்தான்."

ஐந்து வாரம் பொறுத்தாள். அந்த ஐந்து வாரத்தைப் பிற்பாடு எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறாள்.

ஆகஸ்டில் ஷார்னேவுக்கும் முதல் குழாய். கடைப் பெண்களோடு தங்கும் அறையிலும் அப்பா வீட்டிலும் அந்தத் தண்ணீரைக் குடிக்க முடியாது, ஊருக்கே தெரிந்துவிடும். அதனால் முதல் நாள் காலையிலேயே அத்தை வீட்டுக்கு வந்துவிட்டாள். மதியம் இரண்டு ஜாடியில் கரைத்து வைத்து இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

"மூக்கப் பிடிச்சுக்கிட்டு ஊத்து. யோசிச்சா வாந்திதான்."

"பன்னெண்டு வருஷமா இதையா குடிக்கிறீங்க? கடல்ல எலுமிச்சம்பழத்தப் பிழிஞ்ச மாதிரி இருக்கு."

மூன்றாவது கிளாஸில் டோர்க்கஸ் எழுந்தாள். ஷார்னேவும் எழுந்தாள். கொல்லையில் இருந்ததோ ஒரே ஒரு தகரக் கக்கூஸ். இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். சின்னவள் முந்திக்கொண்டாள். "அடியே, வீடு யாருது? கக்கூஸ் யாருது? வெளிய வாடி!" என்று டோர்க்கஸ் தகரத்தைத் தட்ட, உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. எட்டு மாதத்தில் டோர்க்கஸும் அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தாள். சிரிப்பு அடங்கி வீட்டுக்குள் திரும்பியபோது மேஜைக்குப் பக்கத்தில் அப்சலோம் நின்றுகொண்டிருந்தான். கையில் துணியில் சுற்றிய ஆட்டுத் தொடை. வருடா வருடம் குழாய் முடிந்த பிறகு தங்கை தெம்பாகச் சாப்பிடட்டும் என்று அவன் கொண்டுவந்து வைப்பது வழக்கம். எப்போதும் மறுநாள் மாலைதான் வருவான்.

"நாளைக்குப் பட்டில வேல இருக்குன்னு இன்னைக்கே கொண்டாந்தேன்" என்றான். பிறகு, "ரெண்டு ஜாடி எதுக்கு?" என்றான்.

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். டோர்க்கஸ் வாயைத் திறந்தாள். அதற்குள் ஷார்னே வயிற்றைப் பிடித்தபடி கொல்லைக் கதவில் வந்து நின்றாள்.

அவன் மகளைப் பார்த்தான், ஜாடியைப் பார்த்தான். ஆட்டுத் தொடையை மேஜை மேல் மெதுவாக வைத்தான்.

"உங்கம்மா பக்கம் ஒருத்தருக்கும் இது கெடையாது" என்றான். "நானா குடுத்தேன்?"

"நீங்க குடுக்கலப்பா. அதுவா வந்துச்சு."

"அதுவா வர என்ன அது, ஆட்டு உண்ணியா?" நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். பிறகு தங்கையின் பக்கம் திரும்பினான். "எப்பலேருந்து தெரியும் உனக்கு?"

"ஜனவரிலேருந்து."

"எட்டு மாசம். எட்டு மாசமா என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே ரொட்டி வெட்டிப் போட்டிருக்க."

"நீதானே அண்ணே சொல்லாதன்ன? செத்தாலும் சொல்லாதன்ன!"

"சொல்லாதன்னா சொல்லாம இருந்துருவியா? கூடப் பொறந்தவதானே நீ!"

அவன் எழுந்து போய்விட்டான். வெளியே வண்டி கிளம்பும் சத்தம் வெகு நேரம் வரவில்லை. ஷார்னே ஓடப் பார்த்தாள்; டோர்க்கஸ் கையைப் பிடித்து நிறுத்தினாள். இரண்டு பேருக்கும் இன்னும் மூன்று லிட்டருக்கு மேல் பாக்கி இருந்தது. அழுதுகொண்டே குடித்தார்கள். அந்தத் தண்ணீர் அழுகைக்காகவெல்லாம் நிற்காது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வண்டி வாசலில் நின்றது. பெரிய ஊர் வரை அப்சலோம் ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினான். ஆஸ்பத்திரிக்குள் வராமல் வண்டியிலேயே உட்கார்ந்துகொண்டான். ஷார்னேவுக்கு ஒன்றுமில்லை. டோர்க்கஸுக்கு ஒரு சின்ன மரு; அங்கேயே கிள்ளி எடுத்தார்கள். மயக்கம் தெளிந்து ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, சிஸ்டர் ஃபெப்ரவாரி வண்டிக் கதவில் கையை ஊன்றிக்கொண்டு நிற்பது தெரிந்தது. என்ன பேசினார்கள் என்று சிஸ்டர் பிற்பாடு சொன்னார். ரத்தம் எடுக்கட்டுமா என்று கேட்டிருக்கிறார். "ரத்தம் எதுக்கு? உள்ள படுத்திருக்கா பாருங்க, அவதான் என் ரத்தம். நேரா குழாய விடுங்க" என்றானாம்.

அந்தக் குழு மூன்று நாள் தங்கியிருந்தது. மூன்றாம் நாள் அவனுக்குப் பார்த்தார்கள். குடலின் வலது பக்கம் கட்டி, ஒரு முட்டை அளவுக்கு.

கேப் டவுனில் அறுவை செய்தார்கள். பக்கத்து நெறிக்கட்டி இரண்டில் பரவியிருந்தது. ஆறு மாதம் மருந்து ஏற்றினார்கள். ஆடுகளைக் கேட்டியின் தம்பி வந்து பார்த்துக்கொண்டான். அப்சலோம் பிழைத்தான். இதை எழுதும்போது நான்கு வருடம் ஆகிறது, இருக்கிறான். ஒரு டிரம்முக்குப் பதில் அரை டிரம் உருட்டுகிறான்.

ஜனவரியிலேயே பார்த்திருந்தால் அந்த இரண்டு நெறிக்கட்டி தப்பியிருக்குமா? டோர்க்கஸ் எந்த டாக்டரிடமும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயம். பரிசோதனைக்கு அண்ணன் எதற்குப் பயந்தான் என்பது அப்போதுதான் அவளுக்கு உடம்பால் புரிந்தது. அடுத்த வருடம், அங்கேயும் கட்டி வருவதற்கு முன்பே, அவள் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். அறுவைக்குக் கையெழுத்துக் கேட்ட தாளை இரண்டு முறை திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் போட்டாள். பிள்ளை வேண்டாம் என்று முடிவு செய்தவளுக்கு அது இருந்தால் என்ன, போனால் என்ன என்று ஊரில் பேசினார்கள். கதவைச் சாத்தி வைப்பதும் கதவையே செங்கல் வைத்து அடைப்பதும் ஒன்றா?

அப்சலோம் அவளோடு ஒரு வருடம் பேசவில்லை. பிறகு பேசினான். ஆனால் ஹாரன் அடித்து, "ஏறுடி ராணியம்மா" என்று கூப்பிடுவது நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அவளாக நடந்து போவாள். "வா" என்பான். அவ்வளவுதான்.

மூன்றாவது வருடம் ஷார்னே பிள்ளை உண்டானாள். கடையில் கூட வேலை பார்த்த பையனைக் கட்டியிருந்தாள். செய்தியைச் சொன்னபோது டோர்க்கஸுக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை. கோபம்.

"பாதிக்குப் பாதின்னு தெரியும்ல உனக்கு?"

"தெரியும் அத்தே."

"தெரிஞ்சுமா?"

"கடைசிக் காலத்துல கிதியோன் பெரியப்பாகிட்ட யாராச்சும் கேட்டாங்களா, பொறக்காம இருந்திருக்கலாமான்னு? நீங்க கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பாரு?"

டோர்க்கஸ் பானையைக் கிளறப் போய்விட்டாள். அவளுக்குத் தெரியும் அவன் என்ன சொல்லியிருப்பான் என்று. யோனாஸின் முகம் வெகு நாளைக்குப் பிறகு நினைவுக்கு வந்தது. அவனுடைய மூன்று பிள்ளைகளுக்கு என்ன பெயர் என்றுகூட அவள் கேட்டதில்லை.

பெண் குழந்தை. பதினெட்டு வயதாகிறவரை ரத்தம் எடுத்துப் பார்க்க மாட்டார்கள்; காத்திருப்பதைத் தவிர வழி கிடையாது. ஞானத்தாயாக நிற்கச் சொல்லி ஷார்னே கேட்டாள். டோர்க்கஸ் மாட்டேன் என்றாள். மறுபடி கேட்டதற்கும் மாட்டேன் என்றாள். ஞானஸ்நானத்தன்று முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவள், பாதிரியார் புத்தகத்தைத் திறந்து தன் பெயரை வாசித்ததைக் கேட்டாள். ஷார்னே கேட்காமலே எழுதிக் கொடுத்திருக்கிறாள். சபை முழுவதும் திரும்பிப் பார்த்தது. உட்கார்ந்தே இருக்க முடியாது. எழுந்து வெளியே போகவும் முடியாது.

"எந்திரி" என்றான் பக்கத்திலிருந்த அப்சலோம், முழங்கையால் இடித்து. "அவளும் மாப்ளையும் பாதிரியாரும் ஒனக்காகத்தான் நிக்கிறாங்க."

எழுந்து போனாள். குழந்தையைக் கையில் கொடுத்தார்கள். கனமாக இருந்தது, நல்ல பால் மணம். இந்தப் பிள்ளையை நல்லது கெட்டதில் கைவிடாமல் பார்த்துக்கொள்வாயா என்று பாதிரியார் கேட்டார். டோர்க்கஸ் குழந்தையின் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

"பாத்துக்குறேன்" என்றாள்.